கோமுவிடம் நீ சொல்ல நினைத்தது

இன்றைக்கு ராஜபாளையத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மடியில் பெரிய மூட்டை. காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி. வீட்டில் வைத்துச் சுருட்டிக் கொடுக்க வாங்கிக்கொண்டு போகிறாள் என்று பார்த்த உடனே தெரிந்தது. வெளுக்காத துணியின் கஞ்சி வாசம் குப்பென்று வந்தது. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். உன் மகள் கோமு திருப்பவில்லை. சீட்டில் முட்டி போட்டு எழுந்து, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் மூட்டையில் மூக்கை வைத்து நன்றாக உறிஞ்சினாள்.

"பெரியம்மா, அம்மா வாசம்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "உங்க அம்மாவும் துணி சுருட்டுதாகளா பாப்பா? எங்க இருக்காக?"

"செத்துப் போயிட்டாக" என்றாள் கோமு. இன்றைக்கு ஸ்கூல் லீவு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் கோமுவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னக்கா இது, பச்சப் பிள்ளை வாயில இப்பிடி ஒரு வார்த்தை வரலாமா? சாமிகிட்டப் போயிருக்காகன்னு சொல்லிக் கொடுக்கக் கூடாதா?"

பஸ்ஸில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்றால் நீ நம்ப மாட்டாய். முன் சீட், பின் சீட், கண்டக்டர் என்று எல்லார் வீட்டுக் கதையையும் கேட்டு முடித்துவிட்டு இறங்குகிறவள் உன் அக்கா. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. போன வருஷம் என்றால் அந்தச் சீட்டில் உட்கார்ந்து அதே பேச்சை, கூட நாலு சாமி பெயரையும் சேர்த்துப் பேசியிருப்பவள் நான்தான்.

கோமுவின் வாயில் அந்தச் சொல் எப்படி வந்தது என்று உன்னிடம் சொல்லியாக வேண்டும். உனக்கு நான் ஒரு கடுதாசிகூட எழுதியதில்லை. நான் இருக்கிற மடவார் வளாகத்திலிருந்து உன் வீட்டுக்கு அரை மணி நேர பஸ். ஏறினால் வந்துவிடலாம், முடியாவிட்டால் போன். பேசியே தீர்க்கிறவளுக்குக் கடுதாசி எதற்கு? இப்போது வேறு வழி இல்லாததால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற எழுத்து. கொம்பு, சுழி விட்டுப் போயிருந்தால் நீயே சேர்த்துக்கொள்.

நீ பிள்ளை வளர்த்த விதம் எனக்குப் பிடிக்காது. ஒரு தடவை கோமுவுக்குத் தடுப்பூசி போட நாம் மூன்று பேரும் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பிள்ளை அழாமல் வர வேண்டுமே என்று நான், "கோமு, நம்ம ஐஸ் வாங்கப் போறோம்" என்றேன். நீ ரோட்டிலேயே நின்றுவிட்டாய்.

"ஏன்க்கா அவகிட்டப் பொய் சொல்லுத? கோமு, ஊசி போடப் போறோம். வலிக்கும். செத்த நேரம் வலிக்கும், பொறவு நின்னுரும்."

அவள் அங்கேயே ஆரம்பித்துப் போகும் வழி எல்லாம் அழுதாள். நான் உன்னைக் குத்திக் காட்டினேன். "பாத்தியா, ஊசிக்கு முன்னாலயே பிள்ளையை அழ வச்சுட்ட. பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு."

"அழட்டும்க்கா. எதுக்கு அழுதோம்னு தெரிஞ்சு அழட்டும்" என்றாய்.

வீட்டுக்கு வந்ததும் அவள் உன் மடியில்தான் போய் விழுந்தாள். ஐஸ் வாங்கிக் கொடுத்த என் பக்கமே வரவில்லை. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உன் வயிற்றில் கட்டி என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னபோது, டாக்டர் உன்னையும் உன் வீட்டுக்காரரையும் உட்கார வைத்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு வந்தீர்கள். நான்தான் கேட்கவில்லை. டாக்டருக்கு என்ன தெரியும், எங்கள் வைத்தியநாத சாமி வைத்தியனுக்கு எல்லாம் வைத்தியன், அவன் சன்னிதித் தெருவில் பிறந்து வளர்ந்தவளுக்கா இப்படி நடக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பூக்கட்டுகிறவளிடம் சொன்னேன், பால்காரனிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவை உன்னைப் பார்க்க வரும்போதும் திருநீற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து உன் வயிற்றில் பூசினேன், தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். நீ எனக்காகக் குடித்தாய். எனக்காகத்தான் என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

அப்போதும் உனக்குச் சிரிப்பு போகவில்லை. "அக்கா, எமன் வந்தா நீ வாசல்ல உக்காந்து அவன்கிட்டப் பேச்சுக் கொடு. வந்த சோலிய மறந்துட்டுப் போயிருவான்" என்றாய். உன் வீட்டுக்காரர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் உன் தலையில் குட்டினேன். அச்சானியமாகப் பேசாதே என்றேன். கெட்டதை வாயால் சொன்னால் அது வீடு தேடி வந்துவிடும் என்று நம் அம்மா சொன்னதை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்லாவிட்டால் வராது என்று அதற்குள் ஒரு கணக்கு.

ஒரு நாள் சாயங்காலம். கோமு தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முடியாத கையோடு துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாய். வேலை வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டாய். கையை நிறுத்தாமலே சொன்னாய்.

"அக்கா, கோமுகிட்டச் சொல்லணும். நானே சொல்லணும். நான் சொன்னாத்தான் நம்புவா. நீ பக்கத்துல இருந்தியன்னா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்."

"என்னத்தச் சொல்லணும்?"

"நான் இருக்க மாட்டேன்னு. பொறவு யாரு என்னன்னு... கோமுகிட்ட நான் சொல்ல நினைக்கது..."

நான் முடிக்க விடவில்லை. "வாயைக் கழுவுட்டி. வெளக்கு வைக்கிற நேரம் பேசுத பேச்சா இது? பெத்தவ வாயால சொன்னா பலிச்சுரும்" என்று கத்திவிட்டு, என் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகைத் திருநீற்றை உன் வாய்க்குள் போட்டேன். நீ பேச்சை நிறுத்த வேண்டும் என்பதற்காகத்தான் போட்டேன். அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டேன். நீ அதை மென்று முழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு நீதான் தேறுதல் சொல்ல வேண்டும் என்பது போலப் பார்த்தாய்.

பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு தடவை "கோமுவைக் கூட்டிட்டு வாக்கா" என்றாய். "இந்தக் குழாயை எல்லாம் பாத்தா பிள்ளை பயந்துரும். நீ வீட்டுக்கு வந்து பேசு" என்றேன். நீ அதற்கு மேல் கேட்கவில்லை. நீ வீட்டுக்கு வந்தாய், பேசுகிற மாதிரி வரவில்லை.

அன்றைக்கு நான் செய்த முதல் வேலை, கோமுவை உன் எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாவிடம் கொண்டுபோய் விட்டது. உள் அறையில் உட்கார வைத்து, டிவியில் பொம்மைப் படம் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னேன். கொட்டுச் சத்தமும் அழுகையும் அவள் காதில் விழக்கூடாது என்று. அந்த அம்மா, "பெத்த தாயி முகத்தைக் கடைசியா ஒரு தடவை காட்டிருவோமே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்கள். "உங்களுக்குத் தெரியாதும்மா, சும்மா இருங்க" என்று அடக்கிவிட்டேன்.

நடுவில் எழுந்து வந்து முன் ஜன்னல் வழியாகப் பந்தலையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பார்த்த கோமு, அவர்களிடம் "எங்க வீட்டுல யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டிருக்கிறாள். பிறகு ஒரு நாள் அவர்கள் என்னிடம் இதைச் சொல்லி அழுதார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் நம் ஊரில் ஒரே பந்தல்தானே. பிள்ளை வேறு எதை நினைக்கும்?

எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட பிறகு அவளைக் கூட்டி வந்தேன். அவள் நேராகக் கட்டிலைப் பார்த்தாள். பிறகு அடுப்படியை எட்டிப் பார்த்தாள். நான் அவளை மடியில் வைத்து, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அம்மா சாமிகிட்டப் போயிட்டா. நல்லவங்கன்னா சாமிக்கு ரொம்பப் பிடிக்கும். பிடிச்சவங்களைச் சீக்கிரமே தன்கூட வச்சுக்கிடும்."

அவள் அழவில்லை. "ஓ" என்று மட்டும் சொன்னாள்.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் நான் இதைச் சொன்னேன். "சின்னப் பிள்ளைக்கு எம்புட்டு அழகாச் சொல்லியிருக்கீக" என்றார்கள். எனக்கு அந்தத் துக்கத்திலும் ஒரு பெருமை இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கூச்சமாக இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தை கோமுவுக்காக மட்டும் வந்தது இல்லை. சாமி குணமாக்கிவிடுவான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேனே, அவன் கைவிட்டுவிட்டான் என்று ஆகிவிடக் கூடாதே. பிடித்துப்போய்க் கூட்டிக்கொண்டான் என்றால் அவனுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை.

உன் வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட் மாறி மாறி வந்ததால் கோமுவை நான் மடவார் வளாகத்துக்குக் கூட்டி வந்து, இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். அவருக்கு லீவு வரும் அன்று அவர் இங்கே வந்துவிடுவார். அமாவாசைக்கு மாடியில் காக்கைக்குச் சோறு வைத்தபோது, வழக்கமாகச் சொல்கிற வாயால், "பாரு, அம்மாதான் காக்காயா வந்து சாப்பிடுதா" என்றேன்.

"சாமிகிட்ட இருக்கான்னியே?"

"அங்க இருந்துதான் வாரா."

"அப்போ வீட்டுக்குள்ள வரச் சொல்லு."

"காக்கா வீட்டுக்குள்ள வரக் கூடாதுட்டி, தோசம்."

சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவப் போய்விட்டேன். உன்னைத் தோசம் என்று உன் மகளிடமே சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்க எவ்வளவோ நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு அவள் மாறிப் போனாள். நான் போட்ட கோலத்தில் துப்பினாள். நைவேத்தியத்துக்கு எடுத்து வைத்த பாலை எச்சில் பண்ணினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். ஸ்கூலில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "இவ நல்லாத்தான் எழுதுதா. எழுதி முடிச்சுட்டு அதை ரப்பரால அழிச்சுட்டுத் தப்பா எழுதுதா. கையில ஸ்டார் போட்டு விட்டா எச்சில் தொட்டு அழிச்சுருதா" என்றார்கள். தாய் இல்லாத பிள்ளை, ஏக்கத்தில் இப்படி நடக்கிறது என்று நான் எல்லாருக்கும் விளக்கம் சொன்னேன். கோயில் வாசலில் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ரொம்ப நேரம் கும்பிடாத பெரியம்மா, வா" என்பாள். உள்ளே வரவே மாட்டாள். அதையும் நான் பூக்கட்டுகிறவளிடம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தேன். பிள்ளை என் உயிருக்குப் பயந்திருக்கிறாள். நான் சிரித்திருக்கிறேன்.

ஒரு லீவு நாள் மத்தியானம். உன் வீட்டுக்காரர் காலையில் என்னோடு கோயிலுக்கு வந்துவிட்டு, சாப்பிட்டு, பாயில் படுத்துத் தூங்கிப்போனார். நான் அடுப்படியில் இருந்து வந்தபோது கோமு அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்து நனைத்து அவர் நெற்றித் திருநீற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் விழித்துவிடாமல், அவ்வளவு பதமாக.

எனக்கு வந்ததே ஆத்திரம். கையைப் பிடித்து இழுத்து முதுகில் ஒன்று வைத்தேன். "சாமி திருநீறையா அழிக்க, மூதேவி? உங்க அம்மா சொக்கத் தங்கம். அவ வயித்துல நீ எங்க இருந்துட்டி வந்து பொறந்த? இப்பிடி இருந்தா சாமிக்கு உன்னைக் கண்டாலே பிடிக்காது."

அடி வாங்கின பிள்ளை அழ வேண்டும். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகம் எல்லாம் மலர்ந்துபோயிற்று.

"நெசமாவா பெரியம்மா? பிடிக்கவே பிடிக்காதா?"

பிடித்திருந்த அவள் கையை விட்டேன்.

"அப்போ நான் போக வேண்டாம். அப்பாவையும் பிடிக்காமப் பண்ணிட்டா அப்பாவும் போக வேண்டாம். நீ மட்டும்தான் பெரியம்மா, சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்க. தினமும் போய்க் கும்பிட்டுக் கும்பிட்டு வார."

உன் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியிலிருந்து தண்ணீர் மூக்கில் வடிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. கோமுவிடம் "போய் வாசல்ல விளையாடு தாயி" என்றார். அவள் போன பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மதினி, அவ சொல்லணும் சொல்லணும்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. நீங்க விடல."

"நான் நல்லதுக்குத்தான் தம்பி..."

"உங்களை மட்டும் சொல்லல. நீங்க விடலைங்கறது எனக்குச் சௌரியமா இருந்துச்சு. நானும் அப்பிடியே இருந்துக்கிட்டேன். இப்போ சொல்லிருங்க. எனக்குப் பேச வராது. உங்களுக்குத்தான் வாய் இருக்கு."

உங்களுக்குத்தான் வாய் இருக்கு என்றார். அவர் குத்திக் காட்டிப் பேசுகிறவர் இல்லை, அதனால்தான் அப்படிக் குத்தியது. இந்த வாய்க்கு எத்தனை சொல் தெரியும். தவறிட்டாக, காலமாயிட்டாக, போய்ச் சேந்துட்டாக, சாமி காலடிக்குப் போயிட்டாக. அத்தனையும் பெரியவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொள்வது. ஒரு சின்னப் பிள்ளைக்குப் புரிகிற சொல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. கொல்லையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். சாமியைக் கூப்பிடலாம் என்று பார்த்தேன். அவன் பெயரைச் சொல்லத்தான் முதலில் கூசியது. பிள்ளை பிடிக்கிறவனாக அவனை ஆக்கி வைத்திருப்பது நான்.

பிறகு அவளைக் கூப்பிட்டு அடுப்படித் தரையில் எதிரே உட்கார வைத்தேன். அவர் நிலைப்படியில் வந்து உட்கார்ந்தார்.

"கோமு, அம்மா செத்துப் போயிட்டா."

சொன்ன பிறகு வீடு இடிந்து விழவில்லை. கோமு என் வாயையே பார்த்தாள்.

"சாமிகிட்ட இல்லையா?"

"சாமிகிட்ட இருக்கான்னு நான் நம்புதேன். ஆனா கண்ணால பாத்தது இல்ல. எனக்குத் தெரிஞ்சது, அம்மாவுக்கு வயித்துல கட்டி வந்துச்சு. டாக்டர்மாரு எம்புட்டோ பாத்தாக. சரியாக்க முடியல. அவ உடம்பு நின்னு போச்சு. மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது. திரும்ப வர முடியாது."

"நல்லவளா இருந்ததாலயா கட்டி வந்துச்சு?"

"இல்லட்டி. நல்லவங்களுக்கும் வரும், கெட்டவங்களுக்கும் வரும்."

"நான் ஒரு நாள் அவ கையைக் கடிச்சேன். ரத்தம் வந்துச்சு. அதனாலயா?"

நிலைப்படியில் அவர் முகத்தை மூடிக்கொண்டார். எத்தனை மாதமாக இந்தப் பிள்ளை அந்தக் கடியைச் சுமந்துகொண்டு என் வீட்டில் நடமாடியிருக்கிறாள். "இல்ல தாயி. கடிச்சதுனால யாரும் சாக மாட்டாக. நீ ஒண்ணுமே பண்ணல" என்றேன். அதை இன்னும் ஒரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"அப்பாவும் சாவாரா?"

வழக்கம்போல வாய் "சீச்சீ" என்று எழும்பியது. அடக்கிக்கொண்டேன். "எல்லாரும் ஒரு நாள் சாவாக. அப்பாவுக்கு இப்போ உடம்பு நல்லா இருக்கு. நிறைய வருசம் இருப்பாருன்னு நினைக்கேன்."

அவள் அப்பாவைத் திரும்பி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிறகு என்னிடம் வந்தாள்.

"பந்தல் போட்டது அதுக்கா?"

"ஆமா."

"டிவி சத்தமா வச்சது?"

"ஆமா. நான்தான் வைக்கச் சொன்னேன்."

"நீ பொய் சொன்னியா பெரியம்மா?"

"ஆமாட்டி."

"ஏன்?"

"பயம்."

"யாரைப் பாத்து?"

"உன்னைப் பாத்துதான்" என்றேன். அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது போல. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டாள். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். "அம்மா அம்மா" என்று அழுதாள். நீ அடுத்த அறையில் இருந்து எழுந்து வந்துவிடுவாய் என்று கூப்பிடுகிற மாதிரி இல்லை. வர மாட்டாய் என்று தெரிந்து அழுகிற அழுகை. நான் அவளைப் பேசி அடக்கவில்லை.

தேம்பல் நின்ற பிறகு கேட்டாள். "அம்மா எனக்கு ஒண்ணும் சொல்லலியா?"

உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த இடத்தில் எனக்கு நாக்கு நுனியில் எத்தனையோ வந்தது. நல்லாப் படிக்கச் சொன்னா, பெரியம்மா சொல்படி கேக்கச் சொன்னா, உன்னை நினைச்சுக்கிட்டேதான் கண்ணை மூடினா. நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஆயுசுக்கும் நெஞ்சில் வைத்திருப்பாள். அவர்கூட நிலைப்படியில் இருந்து தலையை நிமிர்த்தி, சொல்லிவிடுங்கள் என்பது போலத்தான் என்னைப் பார்த்தார்.

"சொல்லணும்னு இருந்தா. உன்கிட்ட உக்காந்து பேசணும்னு ரொம்ப ஆசைப்பட்டா. நான்தான் விடல" என்றேன்.

கோமு எழுந்தாள். என்னைச் சுற்றிக்கொண்டு, என் மேல் படாமல் நடந்து போய் அப்பா மடியில் உட்கார்ந்தாள். அன்றைக்கும் அதற்குப் பிறகு பல நாளும் என் கையால் சாப்பிடவில்லை. தட்டைத் தானே எடுத்துப் போய்ச் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றாள். கோலத்தில் துப்புவது மட்டும் அன்றோடு நின்றது.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். சங்குச் சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வீடு பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். கோமு என்னைப் பார்த்தாள். "பாக்கணுமா?" என்றேன். தலையை ஆட்டினாள். அவளைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். எதிர்வீட்டுக்காரி சாத்தின கதவுக்கு உள்ளே இருந்து, "உங்களுக்கு என்னக்கா, கிறுக்குப் பிடிச்சுருச்சா? பிள்ளை ராத்திரி அலறப் போகுது" என்றாள். பாடை எங்களைத் தாண்டிப் போயிற்று. கோமு தெருவில் சிந்திக் கிடந்த பூவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மாவையும் இப்பிடித்தான் கொண்டு போனாகளா? பூப் போட்டாகளா?"

"ஆமா. நிறையப் போட்டாக."

"நான் டிவி பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

நான் இப்போதும் கோயிலுக்குப் போகிறேன். கோமு வெளியே தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருப்பாள், உள்ளே வா என்று கூப்பிடுவதில்லை. சாமி முன்னால் நின்று முன்பெல்லாம் எத்தனை கேட்பேன், பட்டியல் போட்டுக் கேட்பேன். இப்போது கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிடுகிறேன். கோமு எதையாவது கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். ஐம்பது வயது தாண்டி அந்த வார்த்தையை இப்போதுதான் சொல்லப் பழகுகிறேன்.

ஆனால் அவள் அதிகம் கேட்கிற ஒன்றுக்குத்தான் தெரியாது என்று சொல்வது இன்னும் பழகவில்லை. இன்றைக்கு வீட்டுக்கு வந்து, எண்ணெயும் சீப்பும் எடுத்து வந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பாதி முடி சிக்கெடுத்திருப்பேன்.

"பெரியம்மா, அம்மா என்ன சொல்லணும்னு இருந்தா?"

"தெரியலட்டி."

"நீ அவகிட்டக் கேக்கலையா?"

"கேக்கல."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம் தாயி" என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வலிக்குது, மெதுவா இழு என்று மட்டும் சொன்னாள். மெதுவாகப் பின்னிவிட்டேன்.